எந்த எலி என்று யாராவது கேட்டார்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கிளம்பும் தொற்றுநோய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் நடுவே, ‘எலிகளை எடுத்துக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள், மருந்து கிடைத்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். சோதனை விலங்குகளை வளர்க்கும் ஆய்வுக்கூட அனிமல் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த வரியைத் தாண்டி மனம் போகவில்லை.

எடுத்துக்கொள்ள எலி எங்கே இருந்தது? தாங்கள் அறியாததல்ல, 2020-இன் தொடக்கத்தில் பரவிய கொரோனா வைரஸ் சாதாரண ஆய்வுச் சுண்டெலிக்குத் தொற்றவே இல்லை. மனித செல்லில் அது பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் சுண்டெலிக்கு வேறு மாதிரி அமைந்திருக்கிறது. மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வகை நோய் வந்தபோதும் இதே சிக்கல்தான், புரதம்தான் வேறு. கொசுவால் பரவும் ஜிகா வைரஸையோ, சுண்டெலியின் உடலே சுரக்கும் வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரானே அடக்கிவிடும். அந்த எதிர்ப்பு வேலை செய்யாத எலிகளைத் தேடிப்போக வேண்டியிருந்தது.

மனித ஏசிஇ2 உள்ள எலியை, முன்பு பரவிய கொரோனா வகை நோயான சார்ஸுக்காக, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2007-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். சார்ஸ் ஓய்ந்தது, எலியைக் கேட்பாரில்லை. 2020-இல் உலகமே கேட்டபோது, உறையவைத்த விந்தணுவிலிருந்து அந்த இனத்தை மறுபடி பெருக்க வேண்டியதாயிற்று. அதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று. நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு திட்டத்துக்கு நிதி நின்றவுடன், தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிய ஓர் எலி இனத்தை முடித்துவிடச் சொன்னார்கள். காலியான கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்தவன் நான். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நோய் இல்லாத வருடங்களிலும் இந்த இனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று தங்களுக்கு முன்பே எழுதினேன். பிரசுரமாகவில்லை. சரி, பக்கத்தில் இடம் இருந்திருக்காது.

கொரோனாவுக்குக் கைகொடுத்தது, எலி போலக் கொறிக்கும் சிறு பிராணியான ஹாம்ஸ்டர். மரபணுவில் எதையும் மாற்றாமலே அதற்குத் தொற்றும், நுரையீரல் பாதிக்கும், எடை இறங்கும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறிவிடும். ஹாம்ஸ்டர்களோடு பழகியவன் சொல்கிறேன், தீவனம் குறைந்திருந்தால் அது சாப்பிட்டது என்று அர்த்தமில்லை. கன்னப்பையில் அடைத்துக் கொண்டுபோய் மூலையில் பதுக்கியிருக்கும். தினமும் தராசில் ஏற்றினால்தான் உண்மை தெரியும். இரட்டைக் கையுறைக்குள் விரல் மரத்துப்போக ஒவ்வொன்றாகத் தூக்கி எடை போட்டு எழுதுவோம். முடி சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு, தொட்டாலும் நகராமல் உட்கார்ந்தால் எங்களுக்குப் புரிந்துவிடும். எடை விதித்த அளவுக்குக் கீழே போனால் அதை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். இதையெல்லாம் ‘செலுத்திப் பார்த்தார்கள்’ என்றால் எப்படி?

மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவுக்கு உதவுமா என்பது பற்றி 2020-இல் தங்கள் இதழில் பக்கம் பக்கமாக வந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சில செல்களில் அது வைரஸைத் தடுத்தது உண்மைதான். ஹாம்ஸ்டரிலும் குரங்கிலும் பலிக்கவில்லை என்று அதே வருடம் முடிவு வந்ததே, அதற்கு ஒரு துணுக்குகூடக் கிடையாது.

விலங்கில் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எபோலாவில் எலியைக் காப்பாற்றிய சில சிகிச்சைகள் குரங்கையே காப்பாற்றவில்லை. மேலே சொன்ன ஏசிஇ2 எலிகூட மூளையில் தொற்று ஏறிச் சாகிறது, மனிதருக்குக் கொரோனா பொதுவாக அப்படிப் போவதில்லை. எந்தக் கேள்வியை எந்த விலங்கிடம் கேட்பது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. வாசகருக்கு அதைச் சொல்லாமல் விட்டால், எலியில் பலித்த மருந்தை நாளைக்கே கடையில் கேட்பார்கள்.

தங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். இனி மருந்து, தடுப்பூசிச் செய்திகளில் எந்த விலங்கில் சோதித்தார்கள் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். அப்புறம், கீரி போன்ற ஃபெரெட் என்ற விலங்கில் நடந்த இன்ஃப்ளூயன்சா ஆய்வுக்கு ஒருமுறை வெள்ளை எலியின் படம் போட்டிருந்தீர்கள். படமாவது அந்தந்த விலங்கின் படமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்