சுகமாகாதவர்களுக்கும் சாட்சி உண்டு

நெல்லைச் சீமையின் சேகரகுருமார்களுக்கும் உபதேசிமார்களுக்கும் சபை மக்களுக்கும் ஸ்தோத்திரம்.

எனக்குச் சரவாங்கி. முடக்குவாதம் என்றும் சொல்வார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்கி வீங்க வைக்கிற வியாதி. மருந்தால் அடக்கி வைக்கலாம், அடியோடு போக்க இன்றைக்கு வழியில்லை. விடியற்காலையில் விரல் மடங்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் மணி அடிக்கும்போதே வெந்நீரில் கையை முக்கி வைத்தால்தான் இரண்டாம் மணிக்குள் சேலை கட்டி முடிக்க முடியும். அப்போதும் கொசுவத்துக்கு ஊக்கு குத்த மகள் வர வேண்டும். வேதப்புத்தகத்தின் மெல்லிய தாளைப் புரட்டுவது எனக்கு ஒரு வேலை.

பரிதாபம் தேடி இதை எழுதவில்லை. நம் சபைகளில் வியாதிக்காரருக்கு இரண்டே இடம்தான் வைத்திருக்கிறோம். ஒன்று, ஜெபக்குறிப்பில் வாசிக்கப்படும் பெயர். இன்னொன்று, சுகமான பிறகு சாட்சி சொல்ல ஏறும் மேடை. நடுவில் வருஷக்கணக்காக வலியோடேயே வாழ்ந்து, வலியோடேயே விசுவாசிக்கிறவர்களுக்கு இடம் இல்லை. கொஞ்ச நாள் ஜெபிப்பீர்கள். சுகம் வரவில்லை என்றால் மெதுவாக எங்கள் விசுவாசத்தின்மேல் சந்தேகம் வந்துவிடும்.

ஒரு உபவாச ஜெபத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர் என் தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டு, "விசுவாசம் இருந்தா மாத்திரையத் தூக்கிப் போடும்மா" என்றார். நான் போடவில்லை. அதே கூட்டத்தில் இருந்த அக்கா ஒருத்தி போட்டுவிட்டாள். பீடி சுற்றிப் பிழைக்கிற கை அவளுக்கு. இந்த நோயில் வீக்கத்தை அடக்காமல் விட்டால் மூட்டெலும்பு அரிபட்டுப் போகும், கோணிய விரல் மருந்தை மறுபடி தொடங்கினாலும் நேராகாது. இப்போது அவளால் இலை வெட்டக் கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. அந்த ஊழியர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். ஐயாமாரே, பிரசங்க பீடத்தை யாருக்குக் கொடுத்தாலும், மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதை மிகவும் கெஞ்சிக் கேட்கிறேன்.

விசுவாசம் போதாததால்தான் சுகம் வரவில்லை என்றால் அப்போஸ்தலனாகிய பவுலை என்ன செய்வது? மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அவரோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறும் அடிக்கடி பலவீனமும் இருந்தன. கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பக்குவம் சொல்லித்தான் பவுல் எழுதினார், அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னொரு உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் நோயாளியாக விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார். இந்த வசனங்களை வைத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் டோனாவூர் இருக்கிறதே. அயர்லாந்திலிருந்து மிஷனெரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மா அங்கே பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த கதையை ஞாயிறுபள்ளியில் எல்லாரும் கேட்டு வளர்ந்தோம். 1931இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து அவர் கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 20 வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே வலியோடு கிடந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அந்தக் கட்டிலிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். அதில் ஒன்று, நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்கள். சுகமாக இருப்பவர்கள் எழுதிய ஆறுதல் தன்னைத் தொடவில்லை என்று கண்டுதான் அதை எழுதினார். அந்தக் கட்டிலைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

விசுவாசம் எனக்கு என்ன செய்கிறது என்று கேட்கலாம். வலியை அது எடுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு தோளும் மணிக்கட்டும் விண்விண்ணென்று தெறிக்கும்போது 88ஆம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்வேன். முறையீடாகவே போய் முறையீடாகவே முடிகிற சங்கீதம் அது, கடைசி வரியில்கூட ஆறுதல் வராது. ஆனாலும் ஆண்டவரிடம்தானே பேசுகிறது! அப்படிப் பேசுவதையும் ஆண்டவர் தம் வேதத்தில் இருக்க விட்டிருக்கிறாரே, அதனால் என் முனகலையும் அவர் தள்ளமாட்டார் என்ற நிச்சயம் எனக்கு வந்தது. நாளைய வலிக்கான பெலன் இன்றைக்குக் கிடைப்பதில்லை. இன்றைய ராத்திரிக்கு உள்ளது கிடைக்கிறது, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்குக் கிடைத்த மன்னாவைப் போல. விடிந்ததும் வெந்நீர் போட எழுந்துவிடுகிறேன். ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று இதைப் பார்த்து யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், சில காரியங்கள் கேட்கிறேன். திருவிருந்து நாளில் ஆல்டர் முன் முழங்கால்படியிட முடியாததால் பின்வரிசையிலேயே இருந்துவிடுகிற பெரியம்மாமார் எத்தனை பேர் என்று ஐயாமார் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அப்பத்தையும் பாத்திரத்தையும் அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், எந்தப் பாவத்தால் இது வந்தது என்று துருவ வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்களே, அதுவரை அவர்கள் செய்தது சரி, பிறகு வாய் திறந்து அவன்மேல் குற்றம் சுமத்தியதுதான் தப்பு. வந்தால் கொஞ்ச நேரம் இருங்கள். முடிந்தால் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போங்கள், அது எங்களுக்குப் பெரிய ஜெபம்.

கடைசியாக ஒன்று. வருகிற பிரதிஷ்டைப் பண்டிகையில் சாட்சி நேரம் வைக்கும்போது, இன்னும் சுகமாகாத ஒருவரையும் கூப்பிடுங்கள். யாரும் வரத் தயங்கினால் நான் வருகிறேன். மேடையில் ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள், உட்கார்ந்துகொண்டு பேசுவேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபை மகள் ஒருத்தி