கேப் டவுனை அடுத்த ஹௌட் பேயில் இருக்கும் மகனுக்கு

டர்பன்,
ஆகஸ்ட்

அன்புள்ள தம்பி,

பெயிண்ட் அடிக்கப்போகும் உன் படகை நீ எடுத்தனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அணியத்தின், அதாவது முன்முனையின், இடப்பக்கம், தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே பெயிண்ட் கொப்பளித்து நிற்கிறதே, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாயா? மரம் மெத்தென்று அமுங்கினால் பெயிண்டைப் பற்றிய பேச்சே இப்போது வேண்டாம். முதலில் அந்தப் பலகையை மாற்று. இற்றுப்போன மரத்தின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

கெட்டியாக இருந்தால் மேலே படி.

இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயிண்டை வாங்கும்படி கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நல்ல பெயிண்ட்தான், பளபளப்பு ஆண்டுக்கணக்கில் மங்காது. ஃபைபர் படகாக இருந்தால் நானே வாங்கச் சொல்வேன். உன்னுடையது பலகையோடு பலகை முட்டவைத்து, இடுக்கில் பஞ்சுத் திரி அடித்துக் கலப்பத்து செய்த மரப்படகு. ஈரம் ஏறினால் பலகை ஊதும், காய்ந்தால் சுருங்கும். இறுகிப்போன பெயிண்ட் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இடுக்கு நெடுகிலும் வெடிக்கும். வெடிப்பில் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பெயிண்டுக்கு அடியிலேயே தங்கிவிடும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்துவிட்டால் பூஞ்சை பிடித்து மக்கத் தொடங்கும். அதனால்தான் சாதாரண எண்ணெய் எனாமல் போதும் என்கிறேன். சீக்கிரம் மங்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்த்து மறுபடி பூசவேண்டியிருக்கும். ஆனால் அது பலகையோடு சேர்ந்து நெகிழும்.

உன் தாத்தா இங்கே டர்பன் துறைமுகத்தில் இருந்த சாலிஸ்பரி தீவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைத் தளத்துக்காக அங்கிருந்த மீனவக் குடும்பங்களை எழுப்பி அனுப்பிய பிறகும் கரையில் நின்று இழுக்கும் கரைவலையை அவர் விடவில்லை. சார்டின் மீன் கூட்டம் வருவதற்கு முன், மே மாதத்தில், மழை ஓய்ந்த நாட்களில்தான் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார். நான் கூடவே நின்று உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்து வளர்ந்தவள். உன் ஊரில் பருவம் தலைகீழ். இப்போது மழைக்காலம். கோடையில் தென்கிழக்குக் காற்று மணலை வாரி ஈரப் பெயிண்டில் ஒட்டும். காற்று தணிந்து மழை தொடங்காத மார்ச், ஏப்ரல்தான் உனக்கு ஏற்ற நேரம். அதுவரை சுரண்டல், பழுதுபார்த்தல் எல்லாவற்றையும் முடித்து வை. படகு நிழலில் இருக்கட்டும், வெயிலில் போட்டால் இடுக்கெல்லாம் வாய்பிளந்துவிடும்.

சுரண்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வாக்குக் கொடு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள். அடிப்பாகத்தில் ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீய நஞ்சும் இருக்கலாம். கப்பல் பூச்சுகளில் அதற்கு உலகத் தடை நடைமுறைக்கு வந்ததே 2008இல்தான், உன் படகோ அதைவிடப் பழையது. காய்ந்த தூளாகப் பறக்கவிடாதே. தண்ணீர் நனைத்தே தேய், முகமூடி போடு, உதிர்ந்ததைத் தார்ப்பாயில் பிடித்துக் கட்டிவிடு. அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதே. ஈயம் பிஞ்சு மூளையைக் கெடுத்துவிடும். பேத்தியைப் பட்டறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கருநீலம் அடிக்க ஆசை என்றாய். அழகுதான், ஆனால் கருநிறம் வெயிலைக் குடித்துப் பலகையை உலர்த்தும். உடலுக்கு வெள்ளை அடி, மேல் விளிம்புக்கு மட்டும் நீலம் வை. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே செம்பு கலந்த பூச்சு வேண்டும். நம் கரைவலைப் படகுகள் மணலில் கிடந்ததால் அது தேவைப்படவில்லை. உன் படகு துறைமுகத் தண்ணீரிலேயே நிற்கும், விட்டுவைத்தால் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசும் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் பிடிக்கும்.

இனி பூசுவது. முதலில் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவிக் காயவிடு. உப்பு தங்கினால் அது ஈரத்தை இழுத்து மறுபடி கொப்பளிக்கும். பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமரின் முதல் பூச்சைக் கொஞ்சம் டர்பென்டைன் விட்டு நீர்க்கச் செய், மரத்துக்குள் இறங்கட்டும். இடுக்குக்கும் பிரைமர் அடித்த பிறகே அதை அடைக்கும் மக்கு (புட்டி) வைக்கவேண்டும். மரம் மக்கின் எண்ணெயைக் குடித்துவிட்டால் மக்கு பொடிந்துபோகும். இறுகாத மக்காகப் பார்த்து வாங்கு, நிரம்பத் திணிக்காதே. பலகை ஊதும்போது அதற்கு இடம் வேண்டும்.

எனாமலை டப்பாவிலிருந்து நேரே தொடாமல், பழைய மெல்லிய துணியில் வடிகட்டிச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள். பிரஷால் பூசும் இடத்தில் அதன் மயிரில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். ஒருவர் ரோலரில் ஓர் அகலம் பூசிக்கொண்டே போகவேண்டும், மற்றவர் உடனே வெறும் பிரஷின் நுனியால், கை அழுத்தாமல், இன்னும் பூசாத பக்கத்திலிருந்து ஈரப் பக்கத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். இழுத்ததை மறுபடி தொடக்கூடாது, கோடு கோடாக நின்றுவிடும். பிற்பகலிலேயே நிறுத்திவிடு. பனி இறங்கினால் பளபளப்பு செத்து வெளிறிப்போகும். மறுபூச்சுக்கு முன் நன்றாகக் காயவிட்டு, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்.

தண்ணீரில் இறக்கியதும் இடுக்குகளில் கசியும், பயப்படாதே. பலகை ஊதி மூடிக்கொள்ளும்வரை ஓரிரு நாள் கயிற்றில் தாங்கவிட்டு, பம்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

இழுப்பதற்கு இரண்டாவது ஆள் வேண்டுமே, மார்ச்சில் நான் வருகிறேன். ரோலரை நீ பிடி, பிரஷ் எனக்கு.

அன்புடன்,
அம்மா