வீதி போடுமுன் எங்கள் வாசற்படியைப் பாருங்கள்

மட்டக்களப்பில் வீதிகளைத் திட்டமிடுகிற, அளக்கிற, ஒப்பமிடுகிற, போடுகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

இந்த மடலை யாருடைய மேசைக்கு அனுப்புவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏ, பீ என்று இலக்கமிட்ட வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையாம். சீ, டீ என்றால் மாகாணத் திணைக்களமாம். மிச்சமுள்ள குறுக்கு வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவையாம். சரி. ஆனால் மழைத்தண்ணீருக்கு இந்தப் பங்குபிரிப்பு தெரியாது. ஒருவருடைய வீதியில் விழுந்து, இன்னொருவருடைய கானில் ஓடி, கடைசியில் எங்கள் வளவில் வந்து நிற்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். எந்த அலுவலகத்தின் பெயரையும் சொல்லிக் குறை கூறப்போவதில்லை.

எங்கள் வீடு கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே, பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி பழைய வீட்டின் கூரையையும் ஒரு பக்கச் சுவரையும் கொண்டுபோனது. அப்பா திருப்பிக் கட்டியபோது மேசனிடம் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார்: முன்வாசலுக்கு மூன்று படி வேண்டும். “இது என்ன, கச்சேரியா கட்டுறீங்க?” என்று மேசன் கேட்டாராம். (கச்சேரி என்றால் இங்கே மாவட்ட அரச அலுவலகம்.) அப்போது ஒழுங்கை வெறும் மணல். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.

அந்த மூன்று படியும் இப்போது இல்லை. யாரும் இடிக்கவில்லை, அப்படியே மண்ணுக்குள் கிடக்கின்றன. முதலில் ஒழுங்கைக்குக் கிறவல் போட்டு அதன் மேல் தார் ஊற்றினார்கள். ஒழுங்கை உயர்ந்தது, வளவு பள்ளமானது. நாங்கள் இரண்டு லோட் மண் பறித்து வளவை நிரவினோம். கீழ்ப்படி போயிற்று. சில வருடம் கழித்து தார் கிழிந்தது. கிழிந்ததைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு படை வந்தது. மறுபடியும் மண், மறுபடியும் ஒரு படி. கடைசியாகக் கொங்கிறீற்று வந்தபோது பழைய தார் அப்படியே அடியில் கிடந்தது. அதன் மேல் பலகை அடித்து, கலவை கொட்டி, ஒரே பகலில் முடித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு ஒழுங்கையிலிருந்து எங்கள் விறாந்தைக்கு ஏற வேண்டியதில்லை, ஒரு சாண் இறங்க வேண்டும். வெளியே திறந்துகொண்டிருந்த கேற் கொங்கிறீற்றில் முட்டியது. வெல்டிங்காரத் தம்பி வந்து அடியை வெட்டி, பிணைச்சலைக் கழற்றி உள்பக்கம் திறக்கும்படி மாற்றித் தந்தார். “அடுத்த தரம் ரோட்டுப் போட்டா கேற்றே மிஞ்சாதுகா” என்றார். காசை வாங்கிக்கொண்டுதான் சிரித்தார்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன், கணக்கை நீங்களே பாருங்கள். 2011 ஜனவரியில் இந்த மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. அந்தத் தண்ணீர் எங்கள் வாசல்வரை வந்து, மிஞ்சியிருந்த படியோடு நின்று, திரும்பிப் போனது. வீட்டுக்குள் வரவில்லை. கொங்கிறீற்று போட்ட பிறகு வந்த மாரியில் ஓர் இரவு மழைக்கே சாமியறைக்குள் தண்ணீர். வானம் கூடுதலாகப் பெய்ததால் அல்ல.

நாங்களாவது மண் பறித்தோம். எங்களுக்குக் கீழே, ஒழுங்கை முடிகிற இடத்தில் தனியாக இருக்கும் மாமிக்கு அதற்கும் வழியில்லை. மேலே இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரரும் மண் போட்டு உயர்த்த உயர்த்த அவருடைய வளவுதான் எல்லோருக்கும் குளம். கார்த்திகை பிறந்தால் கட்டில் காலுக்கு நாலு நாலு செங்கல் வைத்துவிடுவார். அரிசி வாளி அலுமாரிக்கு மேல் ஏறும். மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்றோடு கலக்கும். அப்புறம் தை பிறக்கும்வரை எங்கள் குழாயில்தான் குடம் நிரப்புவார். வீதி உயர்ந்தால் வசதியுள்ளவர் மண் போடுவார், இல்லாதவர் தண்ணீரை வாங்கிக்கொள்வார். உங்கள் மதிப்பீட்டுத் தாளில் கலவைக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி இருக்கும். இந்த மண்ணுக்கும் செங்கல்லுக்கும் வரி இல்லை. அதை நாங்கள் கட்டுகிறோம்.

வீதியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனத்தை விட்டு மறு பக்கத்தை மறித்த காலத்தில் வளர்ந்தவள் நான். வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம் அது. 2013இல் புதிய பாலம் திறந்தபோது ஊரே நடந்து போய்ப் பார்த்தது. அடுத்த வருடம் மண்முனையில் பாலம் வந்தது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைக்குப் போக மண்முனைத்துறையில் பாதைக்காகக் காத்து நின்றிருக்கிறேன். (வெளியூர் ஆட்களுக்காக: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவை.) பிரசவ வலி வந்த பெண்ணோடு துறையில் நின்ற படுவான்கரை ஆட்களிடம், வாவிக்கு மேற்குக் கரையில் இருப்பவர்களிடம், கேளுங்கள், அந்தப் பாலம் என்னவென்று. நல்ல வீதியை எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்த நிலம் எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் துண்டு. கல்லடியிலிருந்து நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டே போகிறது. மணல் மழையைக் குடிக்கும். கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்ததும் அதனால்தான். கிடுகு வேலிக் காலத்தில் மிஞ்சிய தண்ணீர் வேலிக்குள்ளால் நுழைந்து வளவுக்கு வளவு மாறி வாவிக்குப் போய்விடும். இப்போது வேலி போய் மதில் வந்துவிட்டது. முற்றத்துக்குக் கல் பதித்துவிட்டோம். ஒழுங்கையும் மதிலுக்கு மதில் கொங்கிறீற்று. தண்ணீர் கீழே இறங்க இடமில்லை, பக்கத்தால் போகவும் இடமில்லை.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. மதிலை ஓரடி ஒழுங்கைக்குள் தள்ளிக் கட்டியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். கானுக்குள் ஷொப்பிங் பையும் இளநீர்க் கோம்பையும் போடுவது வானத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. வாவி ஓரத்துப் பள்ளக் காணியைக் கிறவல் போட்டு நிரப்பி விற்றவர்களும் வாங்கியவர்களும் நாங்கள்தான். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் தோணா என்கிற வடிகால் ஓடையை மூச்சுமுட்ட வைத்தது யார் என்று கேட்டால் அங்கேயும் இதே பதில்தான் வரும்.

ஆனாலும் கான் விஷயத்தில் எங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஒழுங்கையில் கான் கட்டினார்கள். மேல் முனையில், பிரதான வீதிப் பக்கம் தொடங்கினார்கள். அழகான கான், மூடி போட்ட கான். வாவிவரையான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒதுக்கிய காசு அவ்வளவுதானாம். வாவிக்கு இன்னும் எட்டு வீடு தூரம். அதாவது முழு ஒழுங்கையின் தண்ணீரையும் சேர்த்துக் கொண்டுவந்து மாமி வீட்டு மதிலடியில் கொட்டுகிற ஒரு கான் இப்போது எங்களிடம் இருக்கிறது. கானை வாவி முனையில் தொடங்கி மேல்நோக்கிக் கட்டியிருந்தால், காசு பாதியில் முடிந்தாலும் கட்டிய பாதி வேலை செய்திருக்கும். இதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. வாய்க்கால் வெட்டுகிற எந்த விவசாயியும் சொல்லுவார்.

கேட்கவில்லையா என்று கேட்பீர்கள். கேட்டோம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல்வரை வட்டாரத்துக்கு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாத காலம் அது. கிழக்கு மாகாண சபையோ 2017இல் கலைந்ததுதான். கொங்கிறீற்று வந்தது அந்த இடைவெளியில். வேலை செய்ய வந்தவரிடம் சொன்னால் “பெரியவரிடம் சொல்லுங்க”, பெரியவரிடம் போனால் “மறுகா பாப்பம்”, அதாவது பிறகு பார்ப்போம். மட்டக்களப்பில் மறுகா என்ற சொல்லுக்கு எவ்வளவு நீளம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் கொடுத்தேன். பதினான்கு வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்கிறது சட்டம். பதில் வந்தது, அதைக் குறை சொல்லவில்லை. வரைபடமும் வந்தது. நீளம் இருந்தது, அகலம் இருந்தது, தடிப்பு இருந்தது. வீதி முடிந்த பிறகு அதன் மேல்மட்டம் பக்கத்து வளவுகளை விட எவ்வளவு உயரமாக நிற்கும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. எங்கள் வீடுகளே அந்தப் படத்தில் இல்லை. இரண்டு கோடு, நடுவே வெள்ளை.

பிரதான வீதியைப் பற்றியும் ஒரு சொல். காலை ஏழு மணிக்குக் கல்லடிப் பக்கம் வந்து நின்று பாருங்கள். கல்முனையிலிருந்து வருகிற பஸ், பள்ளிக்கூட வான், ஓட்டோ, பிள்ளைகளை முன்னும் பின்னும் வைத்த மோட்டார் சைக்கிள், எல்லாம் அந்த ஒரே பாலத்துக்காக. அகலிக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது வருகிறது. அகலித்தால் கடைக்காரர் முன்பக்கத்தை இழப்பார், நிழல்மரம் போகும். அது வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. எனக்கோ சந்தேகம்தான். பாலம் அதே பாலமாக இருக்கும்போது இரண்டு கிலோமீற்றருக்கு வீதியை அகலித்து என்ன செய்வது?

ஆனால் கடற்கரை வீதியிலிருந்து பிரதான வீதிக்கு வருகிற குறுக்கு ஒழுங்கைகளைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 2004 டிசம்பர் 26 காலை நாங்கள் ஓடியது அவற்றால்தான். அம்மாவை நானும் தங்கையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஓடிய அந்த ஒழுங்கையை இன்று போய்ப் பார்த்தேன். ஒரு மூலையில் மின்கம்பம், எதிரில் புதிய மதில், நடுவில் நிறுத்திய ஒரு வான். வெளியேறும் பாதை என்று அம்புக்குறி போட்ட பலகை மட்டும் நிற்கிறது. உங்கள் திட்டத்தில் அகலிப்பதற்கு ஒரு வரிசை இருக்குமானால், இவற்றை முதலில் வையுங்கள்.

2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்த வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. எங்கள் ஒழுங்கைத் தண்ணீரை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் வீதி வேறு, தண்ணீர் வேறு என்று வைத்துத் திட்டம் போடுகிற பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேலை தொடங்க ஒரு மாதம் முன்பு ஒருவர் லெவல் பார்க்கும் கருவியோடு வந்து, வீதி எந்த உயரத்தில் முடியும் என்று ஒவ்வொரு மதிலிலும் சிவப்பு மையால் ஒரு கோடு போடட்டும். அவ்வளவுதான். கோட்டைப் பார்த்தால் எந்த வீட்டுக்காரருக்கும் விளங்கும், வரைபடம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. கோடு விறாந்தையை விட மேலே நின்றால் அன்றே சொல்லுவோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். லொறி வராத சின்ன ஒழுங்கைக்குக் கொங்கிறீற்றே தேவையா என்றும் யோசியுங்கள். இடைவெளி விட்டுப் பதிக்கிற இன்டர்லொக் கல்லுக்குள்ளால் கொஞ்சமாவது மணல் தண்ணீரைக் குடிக்கும், குழாய் பதிக்க வருகிறவர்களும் உடைக்காமல் கழற்றி வைக்கலாம். வேலை நடக்கும்போதே தமிழில் ஒரு பலகை வையுங்கள்: எவ்வளவு காசு, யார் ஒப்பந்தக்காரர், குறை இருந்தால் யாரிடம் சொல்வது. முடிந்த பிறகு வைக்கிற பெயர்க்கல் எங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. மாமி அதில்தான் மீன் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைக்கிறார்.

கூட்டம் வைத்தால் வேலைநாள் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். கூலிக்குப் போகிறவர் வேலையில் இருப்பார், இரவு வலைக்குப் போனவர் தூக்கத்தில் இருப்பார். வருகிறவர்கள் நாலு ஓய்வூதியக்காரர்கள்தான், என்னைப் போல.

புதிதாகத் தெரிவாகி வந்த உறுப்பினர்களே, உங்களில் பலர் இந்த மணலில் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு பெருமழைக்கும், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டுவதா, எப்போது வெட்டுவது என்று ஊரே வாய் ஓயாமல் பேசும். வாவி வற்றினாலும் எங்கள் ஒழுங்கைத் தண்ணீருக்கு வாவிக்குப் போக வழி இல்லை என்பதை அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது புரட்டாதி, ஒழுங்கை காய்ந்து கிடக்கிறது. இன்று வந்து பார்த்தால் நல்ல வீதி என்றுதான் எழுதிவிட்டுப் போவீர்கள். கார்த்திகையில் வாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து பெய்த மறுநாள் காலை, சப்பாத்து இல்லாமல், காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு வாருங்கள். பிரதான வீதியில் ஜீப்பை விட்டுவிட்டு மாமி வீடுவரை என்னோடு நடந்தால் போதும், பதினைந்து நிமிடம். நடந்து முடிந்ததும் எங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். அங்கே தண்ணீர் நின்றால் குசினியில் இருப்போம், அது கொஞ்சம் உயரம்.

கேற்றை வெளியே இழுக்காதீர்கள், உள்ளே தள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்று படி வீட்டுக்காரி
கல்லடி