வரிசைப்படுத்திய பட்டியல் ஏன் குழம்பியது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் எங்கள் கமக்காரர் அமைப்பில், சிறுபோகத்துக்கான பெயர்ப்பட்டியலைக் குறைந்த ஏக்கர் உடையோர் முதலில் வரும்படி அச்சிடுவதாகக் கூட்டத்தில் முடிவெடுத்திருந்தோம். அச்சாகி வந்ததோ பதிவேட்டில் பெயர் பதிந்த ஒழுங்கிலேயே இருந்தது. கணினியில் அதைத் தயாரித்துத் தந்த பிள்ளை யாருக்கோ வேண்டி மாற்றிவிட்டார் என்ற பேச்சும் எழுந்தது. அவரோடு இரண்டு நாள் இருந்து பார்த்தவன் என்ற முறையில் உண்மையைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் பதிவேடு எக்ஸ்.எம்.எல் (XML) கோப்பாக, அதாவது ஒவ்வொரு விபரமும் பெயரிட்ட குறிகளுக்குள் எழுதப்பட்ட கோப்பாக உள்ளது, அதை எக்ஸ்.எஸ்.எல்.ரி (XSLT) என்ற, அத்தகைய கோப்புகளை வேறு வடிவுக்கு மாற்றும் மொழியில் எழுதிய நிரல் ஒன்று பட்டியலாக்குகிறது. நிரல் விபரங்களை ஏக்கர்ப்படி ஒழுங்காகவே வரிசைப்படுத்தி ஒரு மாறியில் (நிரல் விபரங்களைப் பெயரிட்டு வைக்கும் இடம்) வைத்திருந்தது. அந்த மாறியை அடுத்துச் சாய்கோடு (/) இட்டுப் பெயர்களை எடுத்த இடத்திலேதான் குழப்பம். 2007இல் வெளியான எக்ஸ்-பாத் 2.0 (XPath, எக்ஸ்.எம்.எல் கோப்பில் வேண்டிய பகுதிகளைச் சுட்டும் மொழி) முதல், சாய்கோட்டால் கிடைக்கும் முனைகள் (கோப்பின் தனித்தனி உறுப்புகள்), இரட்டிப்புகள் நீக்கப்பட்டு, மூல ஆவணத்தில் அவை இருக்கும் ஒழுங்கிலேயே திரும்பக் கிடைக்கும் என்பது விதி. முன்னர் செய்த வரிசை அதோடு அழிந்துபோகும். பிழைச் செய்தி எதுவும் வராது.

அப்படியானால் சென்ற காலபோகத்தில் சரியாக வந்தது எப்படி என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்வி. அப்போது மாறிக்கு வகை, அதாவது அதில் எத்தகைய விபரம் இருக்கும் என்பது, அறிவிக்கப்படவில்லை. அந்நிலையில் வரிசைப்படுத்திய விபரங்கள் ஒரு புதிய தற்காலிக ஆவணமாகப் பிரதி செய்யப்படும். புதிய ஆவணத்தின் ஒழுங்கு வரிசைப்படுத்திய ஒழுங்கே என்பதால் குறை வெளியே தெரியவில்லை. இம்முறை பிள்ளை நிரலைச் சீர்செய்யும் நோக்கில் வகையை அறிவித்து, அதற்கேற்பப் பெயரை எடுக்கும் சாய்கோட்டுப் பாதையையும் சுருக்கினார். மாறி அதன்பின் மூலப் பதிவேட்டின் முனைகளையே சுட்டியது. நல்லது செய்யப்போய்ப் பழி கேட்டார் என்பதே என் எண்ணம்.

மாறியில் உள்ளவற்றை ஃபோர்-ஈச் கட்டளையால் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே பெயரை எழுதச் செய்தோம், வரிசை நிலைத்தது. எக்ஸ்-பாத் 3.0 கிடைக்கும் இடங்களில் சாய்கோட்டுக்குப் பதிலாக வியப்புக்குறி (!) இட்டாலும் போதும். புதிதாகச் சேர்ந்த பத்து ஏக்கர்க்காரர் ஒருவர் இரண்டு ஏக்கர்க்காரருக்கு முன்னே நின்றது வேறு சங்கதி: அளவுகள் எழுத்தாக ஒப்பிடப்பட்டிருந்தன, எண்ணாக மாற்றியதும் அதுவும் சரியாயிற்று.

திருத்திய பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. பழைய பிரதியை வைத்திருப்போர் அதைக் கிழித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கிளிநொச்சி.