எறும்பு எச்சில் பார்ப்பதில்லை: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளிப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பு. போன வாரம் எறும்பைப் பற்றிய பக்கத்தை இருவரும் படித்தோம். சுறுசுறுப்பானது, வரிசையாகப் போகும், மழைக்காலத்துக்குத் தானியம் சேர்க்கும். நான் படித்த காலத்திலும் இதேதான். புத்தகத்தை மூடிவிட்டு அவள் கேட்டாள்: "சர்க்கரைப் பாகை ஒரு எறும்பு குடிச்சிட்டுப் போயிடுதே, வீட்ல இருக்கிற மத்ததெல்லாம் என்ன சாப்பிடும்?" அந்தப் பக்கத்தில் பதில் இல்லை. எனக்கோ, எறும்பைப் பற்றிய கதையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

குடித்த பாகு முதலில் தீனிப்பைக்குப் போகிறது. அதைப் பொது வயிறு என்று சொல்லலாம். பின்னால் இருக்கும் சொந்த வயிற்றுக்கு, ஒரு குறுகிய வால்வு வழியாகக் கொஞ்சம்தான் இறங்கும். கூட்டுக்குத் திரும்பியதும் மீதியைக் கக்கி அக்கா தங்கைகளுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டிவிடும். வாங்கியவள் அடுத்தவளுக்கு. 1957இல் வில்சன், ஐஸ்னர் என்ற இரு பூச்சி ஆய்வாளர்கள் கதிரியக்க அயோடின் கலந்த தேனைக் கொடுத்து, அது கூட்டுக்குள் எப்படிப் பரவுகிறது என்று அளந்தே பார்த்தார்கள்.

இதை எழுத உங்களுக்குத் தயக்கம் வரலாம். 'எச்சில் பண்ணாதே' என்று பிள்ளை வளர்க்கும் ஊர் நம்முடையது. ஆனால் காக்காய்க் கடி கடித்து மிட்டாய் பங்கு போடும் பிள்ளைகளுக்கு இது நம்மைவிடச் சீக்கிரம் புரியும்.

வாய்க்கு வாய் போவது சாப்பாடு மட்டுமில்லை. 2016இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியா லெபஃபும் உடனிருந்தவர்களும் ஃபுளோரிடா எறும்பு ஒன்று இப்படிக் கக்கி ஊட்டும் திரவத்தை ஆராய்ந்தார்கள் (நம் வீட்டுக் கட்டெறும்புக்கு நெருங்கிய சொந்தம்தான்). அதில் புரதங்களும், பூச்சிகளின் வளர்ச்சியை நடத்தும் இளம்பருவ ஹார்மோனும் இருந்தன. அந்த ஹார்மோனை, குஞ்சுகளை வளர்க்கும் செவிலி எறும்புகளின் உணவில் கூடுதலாகச் சேர்த்தபோது, அவை வளர்த்த புழுக்கள் (எறும்பின் குஞ்சுகள்தான்) உருமாறி முழு எறும்பாகும் வாய்ப்பு இரு மடங்கானது. எந்தப் புழு வளர வேண்டும் என்பதில் ஊட்டுகிறவளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது! 2021இல் வந்த தொடர் ஆய்வில், வெளியே இரை தேடுபவளின் திரவமும் உள்ளே புழு வளர்ப்பவளின் திரவமும் வேறு வேறாக இருந்தன. உடம்பில் கல்லீரல் ஒரு வேலை, குடல் ஒரு வேலை என்று பிரித்துச் செய்வதுபோல, கூட்டில் உணவைச் சத்தாக மாற்றும் வேலையும் ஆளுக்கொன்றாகப் பிரிந்து நடக்கிறது என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது, சாறுதான் இறங்கும். அதனால் பல இனங்களில் பூச்சித் துண்டுகளைப் புழுக்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் கடினமானதைச் செரிப்பது கைக்குழந்தைகள்!

சரி, உடனே 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்று அடியில் போட்டுவிடாதீர்கள். தானியம் சேர்க்கும் எறும்புகள் பலவற்றில் இந்த வாய்வழி ஊட்டலே இல்லை. அதாவது உங்கள் கதையில் வரும் எறும்பு வேறு, நான் சொல்லும் எறும்பு வேறு. எல்லா எறும்பும் ஒன்றில்லை என்பதையாவது ஒரு வரியில் எழுதுங்கள்.

கேள்வி பதிலுக்குப் பதிலாக ஒரு சோதனையும் வையுங்கள். 2011இல் மைசூரைச் சேர்ந்த ஒருவர் எடுத்த படங்கள் பிரபலமாயின: நிறம் கலந்த சர்க்கரைத் தண்ணீர் குடித்த எறும்புகளின் வயிறு அதே நிறத்தில் மின்னும். நாங்களும் ஒரு மூலையில் கேசரி பவுடர் கலந்த சொட்டு, இன்னொரு மூலையில் நீலச் சொட்டு வைத்தோம். முதல் நாள் வந்தது கறுத்த எறும்பு, ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வயிறு கண்ணாடி மாதிரி இருக்கும் சின்ன எறும்புகள் வந்தன. சிலது ஆரஞ்சு, சிலது நீலம். ஒன்று மட்டும் இரண்டும் கலந்த மங்கல் நிறம். அது இரண்டு சொட்டையும் குடித்ததா, இல்லை ஒருத்தி ஊட்டிவிட்டாளா என்று மகளுக்கும் எனக்கும் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா