அது சிரங்கு அல்ல, பைபர் தூள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளச்சலை அடுத்த எங்கள் ஊரில் என் கணவர் பைபர் வள்ளங்களை, அதாவது கண்ணாடி இழையால் செய்த படகுகளை, பழுது பார்க்கும் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் அவருடைய முன்கைகளிலும் கழுத்திலும் சிவந்த சிறு பருக்கள் கிளம்பி, இரவெல்லாம் அரித்தன. ஒரு வாரத்துக்குள் எனக்கும் எங்கள் நான்கு வயது மகளுக்கும் அதே அரிப்பு வந்தது. சிரங்கு என்று சொல்லி மருத்துவமனையில் கொடுத்த களிம்பை, வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை பூசிப் படுத்தோம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசினோம். போர்வை, தலையணை உறைகளை வெந்நீரில் அலசினோம். அரிப்பு நிற்கவில்லை. அங்கன்வாடியில் மகளைத் தனியே உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

பிறகு நாகர்கோவிலில் நாங்கள் பார்த்த தோல் மருத்துவர், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். கணவரின் முன்கையில் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து, நுண்ணோக்கியில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார். ஒடிந்த ஊசிகளைப் போலக் கண்ணாடி இழைகள் கிடந்தன. வள்ளத்தைக் கிரைண்டரால் தேய்க்கும்போது பறக்கும் தூள்தான் அது. தோலில் குத்தி அரிப்பை உண்டாக்கும் இந்த இழைகள் கிருமியும் அல்ல, பூச்சியும் அல்ல. சிரங்குப் பூச்சி பெரும்பாலும் விரலிடுக்குகளில் வளை தோண்டும். எங்கள் மூவருக்கும் விரலிடுக்கில் ஒரு பரு கூட இல்லை. அவருடைய வேலைச் சட்டையை எங்கள் துணிகளோடு ஒரே வாளியில் ஊறவைத்தது நான்தான். அதன் வழியே எங்கள் உடைகளிலும் இழைகள் ஏறியிருக்கின்றன. அந்தச் சட்டையைத் தனியே துவைத்து, வேலை முடிந்ததும் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கத் தொடங்கிய பின், மருந்தே இல்லாமல் சில நாட்களில் எல்லோருக்கும் அடங்கிவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பைபர் வள்ளங்கள் பெருகிவிட்டன. ஜூன், ஜூலை மாதங்களில் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறும்போது இந்த வேலையும் கூடுகிறது. நாலைந்து பேர் பனியனும் கைலியுமாக நின்று தேய்க்கும் ஓலைக் கொட்டகைகள் தொழிற்சாலைக் கணக்கில் வராததால், கையுறையோ முகக்கவசமோ இருக்கிறதா என்று கேட்க எந்த அதிகாரியும் வருவதில்லை.

ஆகவே, கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் அரிப்போடு வருபவரிடம் அவருடைய தொழிலையும், வீட்டில் யாரேனும் பைபர் வேலைக்குப் போகிறார்களா என்பதையும் கேட்டபின் மருந்து எழுதுமாறு சுகாதாரத் துறையை வேண்டுகிறேன். வேலைத் துணியைத் தனியே துவைக்க வேண்டும் என்பதைத் தடைக்காலம் தொடங்கும் முன்பே ஞாயிறு பூசை அறிவிப்புகளில் சொல்லுமாறு பங்குத்தந்தையர்களையும், இது தொற்றாது என்பதை அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலோர வாசகி ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.