மல்பெரித் தோட்டத்து அக்காவுக்கு

அக்கா,

உங்கள் பேர் எனக்குத் தெரியாது. போனில் இதையெல்லாம் நீங்கள் படிப்பீர்களா என்றும் தெரியாது. உங்கள் மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ பார்த்துவிட்டு, "உன்னப் பத்தித்தான் எழுதியிருக்காங்க" என்று வாசித்துக் காட்டினால் போதும். அதற்காகத்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று மறுபடியும் சொல்லப் போவதில்லை. மாரண்டஅள்ளி ரோட்டில் மல்லாந்து கிடந்த வெள்ளைக் காரின் படம் அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருடைய வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது. எனக்கே மூன்று பேர் அனுப்பி, "உங்க வண்டி மாதிரி இருக்கே" என்று கேட்டிருந்தார்கள். விபத்துக்குப் பேர் போன தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மூச்சுப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிடுகிற குடும்பம் நாங்கள். நல்ல ரோட்டில், பட்டப்பகலில் கவிழ்ந்தோம். அம்மா தேறிவிட்டார். காறை எலும்பு முறிவு, விலாவில் இரண்டு கீறல். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று நேற்றிலிருந்து சண்டை போடுகிறார்.

முதலில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்களோடு நிதானமாகப் பேச வேண்டும்.

தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டையிலிருந்து வந்த பிக்கப் வண்டி டிரைவர் அண்ணனுக்கு. என் பையனைத் தூக்கிக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, அழுகிற பிள்ளைக்கு வர்க்கி கொடுத்த கடைக்காரருக்கு. போக்குவரத்தைத் திருப்பிவிட்ட காலேஜ் பையன்களுக்கு. அம்மாவின் கழுத்தில் பட்டை மாட்டி, தருமபுரி போய்ச் சேருகிற வரை "அம்மா, பேசிக்கிட்டே வாங்க" என்று தூங்கவிடாமல் கூட்டிப்போன 108 தம்பிக்கும் தங்கச்சிக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ராத்திரி முழுக்க நின்ற நர்ஸ் அம்மாக்களுக்கு. பணம் கட்டச் சொல்வார்களோ என்று நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, "48 மணி நேரத் திட்டத்துல வந்துரும், போய் அம்மா பக்கத்துல நில்லுங்க" என்று சொன்ன ஊழியருக்கு. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசமாகச் சிகிச்சை கொடுக்கிற அந்த அரசுத் திட்டத்தை 2021-ல் ஆரம்பித்தபோது பேப்பரில் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவள் நான். எல்லாருக்கும் கை கூப்புகிறேன்.

இனி நீங்கள், அக்கா.

நாங்கள் மூன்று பேர் வெளியே வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் பெல்ட்டை அவிழ்த்துவிட்டார். பின் சீட்டில் இருந்த என்னையும் பையனையும் யாரோ இழுத்துப் போட்டார்கள். முன் சீட்டில் அம்மா மட்டும் தலைகீழாகத் தொங்கினார். "பெல்ட் போடும்மா, போடும்மா" என்று ஓசூரிலேயே நச்சரித்துப் போட வைத்தவள் நான்தான். பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை நானும் அமுக்கினேன், என் வீட்டுக்காரரும் அமுக்கினார். இறங்கவே இல்லை. 108 தம்பி பிறகு காரணம் சொன்னார்: வண்டி மோதின நொடியில் பெல்ட் பூட்டிக்கொள்ளும், ஆளைக் காப்பாற்றுவதே அந்தப் பூட்டுதான், ஆனால் மொத்த உடம்பும் அதிலேயே தொங்கினால் கொக்கி இறுகிப்போய் பொத்தான் அசையாது. கீழே இருந்து ஆளைத் தாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடுமாம். எங்களுக்கு அதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஒரு சிரிப்பான விஷயம். பெல்ட் அறுக்கிற, கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியல் ஒன்றை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கி, டேஷ்போர்டுக்குள் ஆர்.சி. புக்குக்கு அடியில் வைத்திருந்தோம். வண்டி உருண்டபோது அது திறந்து, எல்லாம் எங்கெங்கோ பறந்துவிட்டது. மூன்று நாள் கழித்து பின் சீட்டு இடுக்கில் கிடைத்தது, உறை கூடப் பிரிக்காமல்.

பிக்கப் அண்ணன்தான் முதலில் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். முன்கண்ணாடியைக் கல்லால் போட்டுக்கொண்டிருந்த பையனிடம், "அது விரிசல் விடும், வழி விடாதுடா, நடுவுல பிலிம் இருக்கு. சைடு கண்ணாடி மூலையில போடு" என்றார். சைடு கண்ணாடி கற்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. பழம் நறுக்குகிற கத்தியால் பெல்ட்டை அறுக்க ஆரம்பித்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தியதும் அவர்தான். "அறுத்தா தலைகுப்புற விழுவாங்க, கழுத்து போயிரும். மொதல்ல தாங்கு." ஆனால் தாங்கத்தான் முடியவில்லை. அம்மா திமிறிக்கொண்டே இருந்தார். யார் தொட்டாலும் உதறினார். திமிறத் திமிற பெல்ட் தோளில் இறங்கியது. வாயில் ஒரே வார்த்தை: "சேலை, சேலை."

சேலை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது, அதனால்தான் வலிக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். கொக்கியில் சிக்கியிருக்கிறதா, கதவில் சிக்கியிருக்கிறதா என்று நாலு பேர் தேடினார்கள். நானும் தேடினேன். முப்பத்தெட்டு வருஷமாக அவருக்கு மகளாக இருக்கிறேன், அக்கா. எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் தோட்டத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தீர்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் கருக்கருவா, சட்டையெல்லாம் தழைக் கறை. குனிந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தீர்கள். அவ்வளவுதான். நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினீர்கள்: "ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க. எவனாச்சும் போன எடுத்தா கைய அறுத்துப்புடுவேன்." அருவாளோடு சொன்னதால் ஒருத்தர் விடாமல் திரும்பினார்கள். பிக்கப் அண்ணனும் திரும்பினார். என் வீட்டுக்காரரும் திரும்பினார்.

அப்போதுதான் நான் பார்த்தேன். தலைகீழாகத் தொங்குகிறவருக்குச் சேலை எங்கே நிற்கும்? முழுக்க நெஞ்சுப் பக்கம் சரிந்து கிடந்தது. காறை எலும்பு முறிந்ததில் அம்மாவுக்கு ஒரு கை அசையவில்லை. மிச்சமிருந்த ஒரு கையால் அந்தச் சேலையைத் தொடைக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே தொங்கியிருக்கிறார். கூரையில் ஊன்ற வேண்டிய கை, பாரத்தைத் தாங்க வேண்டிய கை, மானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினைந்து பேர் சுற்றி நின்று எட்டிப் பார்க்கிறோம், அதில் நாலு பேர் கையில் போன்.

நீங்கள் கண்ணாடித் தூள் மேலேயே முழங்காலிட்டு உள்ளே போனீர்கள். தலைத் துண்டை அவிழ்த்து, சேலையை இழுத்துச் சேர்த்து, முழங்காலுக்கு மேலே சுற்றி முடிச்சுப் போட்டீர்கள். ஒன்றல்ல, இரண்டு முடிச்சு. "ஆச்சு கண்ணு, மூடியாச்சு. இனிமே கைய விடு. மேல ஊனு." உங்களைவிட அம்மாவுக்குப் பத்து வயதாவது கூட இருக்கும். கண்ணு என்றுதான் கூப்பிட்டீர்கள்.

அம்மா கையை விட்டார். திமிறல் நின்றுவிட்டது. கூரையில் கையை ஊன்றினார். உங்கள் தோளை அவர் தோளுக்கு அடியில் கொடுத்தீர்கள், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பொத்தானை மறுபடி அமுக்கிப் பார்த்தீர்கள். சீட்டே நசுங்கியிருந்ததால் அப்போதும் அசையவில்லை. பிறகு ஒரு கையை அம்மாவின் கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே விட்டு, அருவா நழுவினால் உங்கள் கையில் படட்டும் என்கிற மாதிரி வைத்துக்கொண்டு, வெளிப்பக்கமாக அறுத்தீர்கள். பழக்கத்தியால் தேய்த்தும் நூல் பிரியாத நாடா. விறைப்பாக நின்றதாலும் அருவாவில் பல் இருந்ததாலும் நாலு இழுப்பில் அறுந்தது. தோள் பட்டை ஒன்று, இடுப்புப் பட்டை ஒன்று. அம்மா உங்கள் மேல்தான் சரிந்தார். அதற்குப் பிறகுதான், "இப்ப வாங்கடா, வந்து புடிங்க" என்றீர்கள்.

பெல்ட் போட்டதால்தானே மாட்டிக்கொண்டார் என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ரெண்டு பேர் சொன்னார்கள். அவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நெஞ்சில் குறுக்கே ஒரு பட்டை கன்றியிருக்கிறது, கத்தரிக்காய் நிறத்தில். அந்தப் பட்டை இல்லையென்றால் அவர் கண்ணாடி வழியாக ரோட்டுக்குப் போயிருப்பார், நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டீர்கள், வீட்டுக்கு மாலையோடு வந்திருப்பீர்கள். மாட்டிக்கொண்டவரை வெளியே எடுத்துவிடலாம். பெல்ட் போடாமல் இனி யாரும் எங்கள் வண்டியில் ஏற வேண்டாம், பின் சீட்டாக இருந்தாலும் சரி.

அந்தச் சுத்தியலை இப்போது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் கட்டிப் போட்டாயிற்று. கூடவே ஒரு பெரிய துண்டும். மற்றவர்களுக்கும் சொல்கிறேன். சாவியை அணை, கழுத்தைப் பிடி, எடையைத் தாங்கு என்று பிக்கப் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. அதோடு, உள்ளே இருக்கிறவர் என்ன சொல்கிறார் என்பதையும் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். அம்மா தெளிவாகத்தான் சொன்னார். கேட்க ஒருத்திதான் வந்தாள். இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுது. எம் பேரு போடாத" என்றார்.

108 வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் முழங்கையில் ரத்தம் இருந்தது. அம்மாவுடையதா உங்களுடையதா என்று நான் கேட்கக்கூட இல்லை. மறுவாரம் டீக்கடைக்காரரிடம் விசாரித்தபோது, "புழு பெருசாயிருச்சு, தழை போடணும், சாட்சி கீட்சின்னு அலைய முடியாதுன்னு சொல்லிட்டுப் போச்சு அந்தம்மா" என்றார். கூடு கட்டப் போகிற பட்டுப்புழுவுக்கு ஒரு வேளை மல்பெரித் தழை தப்பினால் என்ன ஆகும் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். பட்டுப்புடவை மட்டுமே தெரிந்தவள் நான். உங்கள் புழுக்கள் அன்று எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தன, அக்கா?

சாட்சி விஷயத்தில் பயப்படாதீர்கள். வக்கீலாக இருக்கிற எங்கள் சின்னம்மா மகனிடம் கேட்டோம். விபத்தில் உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள். பேர் சொல்வதும் சொல்லாமல் போவதும் உங்கள் இஷ்டம். போலீஸிலும் ஆஸ்பத்திரியிலும் யாரும் உங்களை நிறுத்தி வைக்க முடியாது. பேர் சொல்லாமல் போனது தப்பே இல்லை. எங்களுக்குத்தான் தாங்கவில்லை.

உங்கள் துண்டு எங்களிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதை அவிழ்க்க அம்மா விடவில்லை. எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் ஒரு பெண் வந்துதான் அவிழ்த்தார். மூன்று தடவை துவைத்தும் தழைக் கறை போகவில்லை. பழையதைத் திருப்பிக் கொடுப்பதா, புதுசு வாங்கிக் கொடுப்பதா என்று வீட்டில் இரண்டு கட்சி. அம்மா பழைய துண்டைத் தர மாட்டேன் என்கிறார். அவருக்கே வேண்டுமாம்.

அருவாளும் எங்களிடம்தான் வந்து சேர்ந்தது. ஸ்டேஷனில் நின்ற வண்டியிலிருந்து சாமான்களை எடுக்கப் போனபோது சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். உங்கள் பிழைப்புச் சாமான். அன்றைக்கு எதை வைத்துத் தழை அறுத்தீர்களோ. கண்ணாடியில் பட்டு நுனியில் பல் மழுங்கியிருந்தது. கருக்கு வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் பாலக்கோட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எடது கைக்காரங்க அருவா சார், சொல்லிச் செஞ்சது" என்றாராம். அம்மாவிடம் ஓடி வந்து கேட்டோம், அந்த அக்கா இடது கையாலா அறுத்தார் என்று. "எனக்கு எல்லாமே தலைகீழாத் தெரிஞ்சுது. எது எடது எது வலதுன்னு நான் எங்கடி கண்டேன்" என்றார்.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு இரண்டு தடவை போய்விட்டோம். கூடு விற்க வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது மாரண்டஅள்ளிப் பக்கம் இடது கையால் தழை அறுக்கிற அக்காவைத் தெரிந்தால், அவர் காதில் போடுங்கள். அக்கா, உங்கள் பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அன்றைக்கு வண்டி கவிழ்ந்த இடத்துக்கு எதிர்த்தாற்போல இருக்கிற அதே டீக்கடையில் அருவாளைக் கொடுத்து வைத்திருக்கிறோம், பல் வெட்டி, புதுப் பிடி போட்டு. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.